பின் இருக்கையில் தெரிந்த நடுக்கம்

என் கணவர் போன பஸ் பள்ளத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் எந்த வாகனத்திலும் ஏறவில்லை. மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பாதையில் ஒரு வளைவு அது. மழைக்காலம். பஸ் தேயிலைச் செடிகளின் மேல் உருண்டுபோய்க் கீழே ஒரு சவுக்கு மரத்தில் முட்டி நின்றது. பிழைக்காதவர்களும் இருந்தார்கள். இவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு ஊன்றுகோலோடு நடந்து, கடைசியில் அதையும் மூலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் மின்சார வேலை பார்க்கிறவர். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். ஆகவே எலும்பு கூடியதும் வாழ்க்கை பழையபடி ஆகிவிட்டது என்றுதான் வெளியில் பார்க்கிறவர்களுக்குத் தோன்றியது.

ஆனால் அவருடைய உலகம் தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் இடையில் சுருங்கிப்போயிருந்தது. கல்யாண வீடு, சாவு வீடு எல்லாவற்றுக்கும் நான்தான் போவேன். "அவரு வரலியா டீச்சர்?" என்று கேட்பார்கள். "டியூட்டி" என்று சொல்லிவிடுவேன்.

விபத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, நான் கேட்காமலே சொன்னார். "விழுந்தது எனக்கு ஞாபகமில்ல. அதுக்கு முந்தி பஸ்சு நடுங்குச்சு. டிரைவர் பிரேக்க மிதிக்க மிதிக்க சீட்டெல்லாம் கிடுகிடுன்னு ஆடுச்சு. முன்னால இருந்த ஆளுங்க சிரிச்சிக்கிட்டுதான் வந்தாங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சிருச்சு."

கந்தப்பளையில் அவருடைய அக்கா இருக்கிறார். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் இவரை வளர்த்தது அந்த அக்காதான். அக்காவுக்குத் திடீரென்று ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. அதற்கு முன்பு அக்காவும் தம்பியும் நாள் தவறாமல் போனில் பேசுவார்கள். இப்போது அக்காவின் மகள் போனை முகத்துக்கு நேரே பிடிப்பாள். அக்கா திரையைப் பார்ப்பார், வாய் கோணும், கண்ணில் நீர் வரும். இவர் "அக்கா, சாப்பிட்டியா? அக்கா, நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார்.

அதைப் பார்க்க முடியாமல்தான் நான் கார் ஓட்டப் பழகினேன். ஹட்டனில் பயிற்சி எடுத்து, லைசன்ஸ் வாங்கி, ஒருவர் பாவித்த சின்ன ஜப்பான் கார் ஒன்றை வாங்கினோம். கியர் மாற்றி ஓட்டும் பழைய வண்டி. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நிறம் மட்டும் தெரியும், கருநீலம்.

முதல் சில வாரங்கள் அவர் நின்ற காரில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி எடுத்துக்கொண்டு போய், வாசலில் நிற்கும் காருக்குள்ளே உட்கார்ந்து குடிப்போம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர் முன் இருக்கைக்கு வரமாட்டார். எனக்குப் பின்னால் உட்கார்ந்து, என் இருக்கையின் முதுகைக் கையால் பிடித்துக்கொள்வார். பிறகு ஒருநாள் எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பிறகு ஒருநாள் தொழிற்சாலை வரைக்கும். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்கெலியா கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டார்.

அவருக்காக நான் ஓட்டிய விதம் இப்படி: இறக்கம் முழுவதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டேன். வண்டி வேகம் பிடித்துவிடக் கூடாது, எஞ்சின் சத்தம் போட்டுவிடக் கூடாது. ஊர்ந்து ஊர்ந்து இறங்குவேன். எங்கள் குவார்ட்டர்ஸ் மெயின் ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. கொங்கிரீட் போட்ட செங்குத்தான ஒற்றைப் பாதை. அதில் இறங்கி, அந்தச் சரிவிலேயே, வாசலுக்கு முன்னால்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் பின்னாலிருந்து கேட்பார்.

"ஹேண்ட் பிரேக் இழுத்துட்டியா?"

"இழுத்துட்டேங்க."

"இன்னொருக்கா இழு."

இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, கிர்ரென்ற சத்தத்தோடு முழுக்க மேலே வரும் வரைக்கும் இழுப்பேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறப்பார்.

கந்தப்பளைக்குப் போகும் நாளை நாங்கள் மெதுவாகப் பேசத் தொடங்கியிருந்தோம். அப்போதுதான் வண்டி நடுங்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியாவிலிருந்து திரும்பி வரும்போது, தோட்டத்துப் பாதையின் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினேன். காலுக்குக் கீழே பெடல் துடித்தது. வண்டி உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் ஓடி நின்றது. எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பின்னாலிருந்து என் இருக்கையை இறுகப் பிடித்த பிடி மட்டும் தெரிந்தது.

"நிறுத்து."

"என்னங்க, லேசாத்தானே..."

"நிறுத்தும்மா."

நிறுத்தினேன். அவர் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. மரக்கறிப் பையைக்கூட எடுக்காமல் நடக்க ஆரம்பித்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் காரை அவருக்குப் பின்னால் மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று, முன்னால் நனைந்தபடி நடக்கும் அவரையும் பின்னால் ஊர்ந்து வரும் காரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

அந்த வாரமே பக்கத்து டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் வளைஞ்சிருக்கும் மிஸ்" என்றார்கள். டிஸ்குகளை லேத்தில் கொடுத்துச் சீவி, புது பிரேக் பேட் போட்டு, டயர்களையும் சமன் செய்து கொடுத்தார்கள். "இப்ப வழுக்கிக்கிட்டுப் போகும்" என்று சொன்னார்கள். நானும் வீட்டுக்கு வந்து அதையே சொன்னேன்.

அவர் நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் மனதை என்னவோ செய்கிறது. ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் அடுத்த ஞாயிறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தார். முதல் இறக்கத்தில் மறுபடியும் அதே நடுக்கம்.

இந்தத் தடவை அவர் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நிறுத்தினேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"ஒன்னு கேக்கவா? ஆடுறப்ப ஸ்டியரிங் ஒன் கையில ஆடுதா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லீங்க. கால்லதான் தெரியுது. ஸ்டியரிங் சும்மாதான் இருக்கு."

"எனக்கு இங்க ஆடுது" என்று தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். "ஒனக்குக் கம்மியா, எனக்குக் கூடவா இருக்கு. நான் பயத்துல சொல்றேன்னு நெனக்காத."

"நெனக்கலீங்க."

உண்மையில், பாதி அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஸ்டியரிங் பற்றி அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

ஹட்டனில் எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியையின் அண்ணன் கராஜ் வைத்திருந்தார். எல்லாரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பருத்த உடம்பு, பேசும்போது மூச்சு வாங்கும். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஸ்டியரிங் ஆடவில்லை, பின் இருக்கையில்தான் அதிகம் தெரிகிறது என்றதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னது?"

"என் வீட்டுக்காரர்."

"அவர கூட்டிக்கிட்டு வாங்க. கூட இருந்து ஓட்டிப் பார்க்கணும்."

ஏன் கூட்டிவர முடியாது என்று சொன்னேன். பஸ் விபத்தைப் பற்றியும், காருக்குள்ளே தேநீர் குடித்த கதையையும்கூடச் சொல்லிவிட்டேன். பாஸ் என்னைப் பார்க்காமல் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி டீச்சர். போயாவுக்கு நான் கராஜ் தெறக்கிறதில்ல. நான் வாறேன்."

சொன்னபடியே போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். முதுகில் ஒரு பை நிறையச் சாமான். என் கணவர் வாசலில் நின்று வரவேற்றார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். ஆனாலும் ஒருவரையொருவர் அண்ணே என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"என்னா அண்ணே, பயமா?" என்று பாஸ் நேராகவே கேட்டார்.

"பயந்தான்."

"இருக்கட்டும். ஆனா நீங்க பின்னால இருந்தாத்தான் எனக்கு வேல நடக்கும். டீச்சர் ஓட்டட்டும், நான் முன்னால இருக்கேன். எறக்கத்துக்கே போக வேணாம். தண்ணி ஓரத்து ரோட்டுல, சமதரையில மட்டும். நீங்க நிறுத்தச் சொன்னா நிறுத்திருவோம். சரிதானே?"

என் கணவர் என்னைப் பார்த்தார். ஆடுகிறது என்று தெரிந்தே, ஆடுவதைப் பார்ப்பதற்காகவே அந்த வண்டியில் ஏற வேண்டும். நானாக இருந்தால் ஏறியிருப்பேனா என்று தெரியாது. அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பின் கதவைத் திறந்தார்.

நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. பாஸ் முதலில் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். நடுக்கம் வந்தது. ஸ்டியரிங்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "இப்ப கால் பிரேக்க விட்டுருங்க. அந்த ஹேண்ட் பிரேக் பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே, மெதுவா, மெதுவா மேல இழுங்க. அது பின் சக்கரத்த மட்டுந்தான் பிடிக்கும்" என்றார்.

இழுத்தேன். கார் வேகம் குறைந்தது. அதே நடுக்கம். பின்னாலிருந்து, என் காதுக்குப் பக்கத்தில், அவர் குரல் கேட்டது.

"இதுதான். இதேதான்!"

கண்ணாடியில் பார்த்தேன். வியர்த்திருந்தார். ஆனால் கண் திறந்திருந்தது. "அப்ப முன்னால ஒன்னுமில்ல" என்றார். தொழிற்சாலையில் எந்த மோட்டார் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு வந்து வீட்டில் சொல்லும்போது அவருக்கு ஒரு குரல் இருக்கும். அந்தக் குரலை அன்றைக்குத்தான் காருக்குள் கேட்டேன்.

"ஒன்னுமில்லண்ணே. பின்னால டிரம்முலதான் கோளாறு. நீங்க சொன்னதுதான்."

வீட்டு வாசலில் சரிவு இருந்ததால், தொழிற்சாலைக்கு முன்னாலிருந்த சமதரையில் காரை நிறுத்திப் பின் சக்கரங்களைக் கழற்றினார்கள். டிரம் என்பது கவிழ்த்துவைத்த இரும்புச் சட்டி மாதிரி இருந்தது. உள்பக்கத்தில் பிரேக் கட்டைகள் விரிந்து உரசுகிற இடத்தில் அங்கங்கே நீலம் பூத்த திட்டுகள். பாஸ் அளவுகோலை உள்ளே விட்டு ஒரு பக்கம் பார்த்தார். டிரம்மைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் பார்த்தார். என் கணவரையும் பார்க்கச் சொன்னார்.

"வட்டமா இல்ல" என்றார் என் கணவர்.

"முட்ட மாதிரி ஆயிருச்சு. சுத்துறப்ப ஒரு பக்கம் இறுக்கிப் பிடிக்குது, மத்தப் பக்கம் விடுது. அதுதான் ஆட்டம்." பாஸ் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், எறக்கத்துல எந்த கியர்ல வருவீங்க?"

"மூனுல. சில நேரம் நாலு."

"ஏன் ரெண்டுல போடுறதில்ல?"

"ரெண்டுல போட்டா எஞ்சின் கத்துது. அவருக்கு..." என்று நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப பிரேக்க மிதிச்சிக்கிட்டேதான் வாறீங்க. சரி. வீட்டுக்கு வந்து அந்தச் சரிவுல நிறுத்துனவொடனே?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் என் கணவர் சொன்னார். "ஹேண்ட் பிரேக்க நல்லா இழுக்கச் சொல்லுவேன். ரெண்டு தடவ."

பாஸ் சிரிக்கவில்லை. இரும்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். இறக்கம் முழுக்க உரசி உரசி அது அடுப்பு மாதிரி சூடாகிறது. சூடாக இருக்கும்போதே கட்டைகள் உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. மேலே எங்கள் ஊர்க் குளிரும் தூறலும். கட்டை பிடித்த இடம் ஒரு மாதிரியும் பிடிக்காத இடம் வேறு மாதிரியுமாக ஆறுகிறது. நாளாக நாளாக வட்டம் கெட்டுப்போகிறது. "யாரு மேலயும் தப்பில்லண்ணே. பழைய டிரம்மு வேற, தேஞ்சு மெலிஞ்சிருக்கு. இத மறுபடி சீவ முடியாது. நல்லதா வேற ஒரு சோடி தேடிப் போடுறேன்" என்றார். ஹேண்ட் பிரேக் கம்பியும் துருவேறி இருந்தது. இழுத்தால் முழுசாக விடுவதில்லை. அதையும் மாற்ற வேண்டும் என்றார். டிரம்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயந்தரம் என் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

"நான் பயந்து பயந்துதானே நீ மிதிச்சிருக்க" என்றார். "மிதிச்சதுனாலதானே ஆடுச்சு. ஆடுனதுனாலதானே நான் இன்னும் பயந்தேன்."

"மிதிச்சது என் காலுங்க."

"இருந்தாலும்."

"இருந்தாலும் என்னா? எங்க ஆடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்க சொல்லலேன்னா நான் முன் சக்கரத்தையே கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஆனால் சாப்பிடும்போது இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார்.

பாஸ் மறுபடி வந்து டிரம், கட்டைகள், கம்பி எல்லாம் மாட்டிக் கொடுத்தார். இனி எப்படி ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியரில் போட்டுவிட வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் வேண்டுமானால் உறுதியாக மிதித்து, விட்டுவிட வேண்டும். தடவிக்கொண்டே வரக் கூடாது. சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கீழே மரக்கட்டை வைத்தால் போதும். டிரம் ஆறிய பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுக்கலாம்.

அடுத்த நாள் என் கணவர் தொழிற்சாலையின் மரவேலைப் பட்டறையிலிருந்து இரண்டு ஆப்புகள் செய்து கொண்டுவந்தார். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி, பிடித்துத் தூக்கக் கயிறு கட்டி, சக்கரத்தில் படும் இடத்தில் பழைய டயர்த் துண்டை ஆணி அடித்து வைத்திருந்தார். அதன் பிறகு வீட்டுக்கு முன்னால் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் சத்தத்துக்காக அவர் உள்ளே காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நான் காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் இறங்கிப்போய் ஆப்பு வைக்க வேண்டும். வைத்துவிட்டு, கண்ணாடியைத் தட்டி, "விடு" என்பார்.

இரண்டாம் கியரின் சத்தம்தான் கடினமாக இருந்தது. முதல் தடவை எஞ்சின் உறுமியபோது என் இருக்கை பின்னுக்கு இழுபட்டது.

"என்னா இது?"

"எஞ்சின் பிடிச்சுக்கிட்டு இருக்குங்க. என் கால் பிரேக்கில இல்ல. பாருங்க."

அவர் குனிந்து, என் தோளுக்கு மேலாக எட்டி, என் காலைப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். பிறகு வளைவுக்கு வளைவு அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். வீடு வந்தபோது, "ஒரே சீரா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை காலையில் கந்தப்பளைக்குக் கிளம்பினோம். பஸ் விழுந்த வளைவு நெருங்கும்போது நான் தானாகவே வேகத்தைக் குறைத்தேன்.

"இங்க மெதுவாப் போகாத" என்றார். "எப்பவும் போற மாதிரி போ."

போனேன். ஹட்டனில் நிறுத்தி அக்காவுக்குப் பழம் வாங்கினோம். தலவாக்கலை தாண்டி ஒரு இறக்கத்தில், எதிரே ஒரு லொறி திடீரென்று வளைவில் வந்தபோது, பிரேக்கை உறுதியாக அழுத்த வேண்டி வந்தது. கார் நேராக, ஆடாமல், சொன்னபடி நின்றது. பின்னால் திரும்பினேன். அவர் உதடு காய்ந்து போயிருந்தது. "நல்லாப் பிடிச்சிருச்சு" என்றார். நுவரெலியாவில் தேநீருக்கு நிறுத்தினோம். கொஞ்ச நேரம் நடக்க வேண்டும் என்றார். நடந்தோம். அவசரம் ஒன்றும் இல்லை.

அக்கா வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காரிலிருந்து தம்பி இறங்குவதைப் பார்த்ததும் நல்ல கையை மட்டும் நீட்டினார். இவர் போய்த் தரையில், அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டார். அக்கா அவர் தலையைத் தடவினார், முகத்தைத் தடவினார். பிறகு கையைக் கீழே கொண்டுபோய் முறிந்த இடுப்பைத் தொட்டு, என்ன என்பதுபோலப் பார்த்தார். "சரியாப் போச்சுக்கா. நடக்கிறேன், பாரு" என்று எழுந்து முற்றத்தில் நடந்து காட்டினார் இவர். அக்காவின் மகளும் நானும் உள்ளே போய்விட்டோம்.

சாப்பாடு முடிந்த பிறகு அக்கா காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையால் அதைக் காட்டினார்; பிறகு தன்னைக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர அவர் வீட்டை விட்டு வெளியே போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்று மகள் சொன்னாள். நாங்கள் மூவருமாகத் தூக்கிப் பின் இருக்கையில் உட்கார வைத்தோம். என் கணவர் மறுபக்கம் ஏறி, அக்காவைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். என் இருக்கையைப் பிடிக்க அவருக்குக் கை மிஞ்சவில்லை.

மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவில் இறங்கும் பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டினேன். இரண்டாம் கியரில் எஞ்சின் உறுமியது.

"பயப்படாதக்கா. அது எஞ்சின் பிடிக்கிற சத்தம்" என்றார் அவர். ஒரு வளைவில் பிரேக்கை அழுத்தினேன். "ஒன்னுமில்லக்கா, பிரேக் போடுறா. இப்ப விட்டுருவா பாரு."

கண்ணாடியில் பார்த்தேன். அக்காவுக்குப் பயமே இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, முட்டைக்கோஸ் பாத்திகளையும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஆட்களையும் வாய் திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பாதை பெரிய ரோட்டில் சேரும் இடத்தில் நான் வண்டியைத் திருப்பப் போனபோது, நல்ல கையை நீட்டி, இன்னும் போகலாம் என்று முன்பக்கம் காட்டினார்.

"போ" என்றார் என் கணவர். "இன்னும் கொஞ்சம் போ."